வேலிக்குள் இருக்கும் சரக்கு

மனித குலம் எழுந்து நின்று, முடிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது: செடிகள் சட்டத்தை மதிக்கின்றன. எங்கள் ஊரில் வேறு யாரும் சட்டைசெய்யாத ஒரு சட்டத்தை, வளைவுச் சாலை நர்சரியில் இருந்த செடிகள் அத்தனையும் ஒரே காலையில் மதிக்கத் தொடங்கின. அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டன.

அந்தச் சட்டப்படி செடி வளர்ப்பதற்கு ஓர் உரிமம், செடி விற்பதற்கு வேறோர் உரிமம், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். உரிமமில்லாத நர்சரியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். வெயில் படாமல் செடிகள் தாமாகவே தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளும். வளைவுச் சாலை நர்சரிக்காரர் கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. விற்றால்தானே காசு, வளர்கிறதை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு, விற்பனை உரிமத்தை மட்டும் வாங்கினார். அதற்கு ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது: இங்கே எதுவும் வளர்க்கப்படுவதில்லை, வேலிக்குள் இருப்பதெல்லாம் விற்பனைக்கு வந்த சரக்கு. அவர் கையெழுத்துப் போடும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். நிழல்வலைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் அவர்கள் வீடு.

"என்னங்க, வேலிக்குள்ள நாமளும்தான இருக்கோம்?"

"உன்னை யார் வாங்குவா, போ" என்று சிரித்தார். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ரோஜா மொட்டுகள் விரியவும் இல்லை, உதிரவும் இல்லை. மாங்கன்றில் கட்டிய ஒட்டு, கட்டிய அன்று இருந்த பசுமையோடு அப்படியே நின்றது. களையும் வளரவில்லை, களையெடுக்கும் கூலி மிச்சம் என்று நர்சரிக்காரர் முதலில் சந்தோஷப்பட்டார். வாடிக்கையாளர்களுக்கும் குறையில்லை. பில் போட்டு வாங்கிய செடி வாசலைத் தாண்டியதும் விட்டதைப் பிடித்துவிடும். ஓர் ஆசிரியர் வாங்கிப்போன மல்லிக்கொடி விடிவதற்குள் அவர் வீட்டு ஜன்னலை மூடிவிட்டது; அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். ஆனால் வங்கிக்கு வாடகைக்குப் போன தொட்டிச் செடிகள் அங்கேயும் ஓர் இலைகூட விடவில்லை. வாடகைக்குப் போனாலும் சரக்கு சரக்குதானே.

மனைவியின் வயிறும் அப்படியே நின்றது. டாக்டரம்மா கருவி வைத்துப் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, ஐந்தாம் மாதம் என்றார். அடுத்த மாதமும் ஐந்தாம் மாதம் என்றார். அதற்கடுத்த முறை, தேதியைச் சரியாகச் சொல்லத் தெரியாதா என்று திட்டினார். மனைவி தன் அம்மா வீட்டில் போய் இருந்து பார்த்தாள். வங்கித் தொட்டிகளின் கதைதான். அவளோடு சேர்ந்து உண்டான எதிர்வீட்டுப் பெண்ணின் மகன் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூட வேனில் ஏறிக் கையாட்டினான். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினாள். உள்ளே குழந்தை உதைத்தது. நான்கு வருடமாக அதே சின்ன உதை.

நர்சரிக்காரர் வண்டியை விற்று வளர்ப்பு உரிமத்துக்குக் கட்டணம் கட்டினார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, விதிப்படி ஏதாவது ஒன்று வளர்வதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றார்.

"உரிமம் குடுங்க சார், வளரும்."

"வளரட்டும்யா, குடுக்கறேன்."

"வயித்துல புள்ள நிக்குது சார்."

"அது வேற துறை."

சொல்லிவிட்டு நிழல்வலைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரம் கழித்து, தன் வழுக்கை பின்வாங்காவிட்டாலும் முன்னேறவில்லை என்பதையும், தொப்பை சொன்ன இடத்தில் நிற்கிறது என்பதையும் கண்டுகொண்டார். ஆய்வுக்கு வந்தவர் சரக்கு இல்லையே, மாலையில் வெளியே போனாலும் மறுநாள் திரும்பி வந்து உட்காரலாம். மற்ற அதிகாரிகளையும் அழைத்துவந்தார். கோப்பில் அதற்குத் தொடர் ஆய்வு என்று பெயர் வைத்தார்கள். வளர்ப்பு உரிமம் கொடுத்தால் தொப்பையும் கூடவே வளரும் என்பதால், அந்த விண்ணப்பம் முழு ஆரோக்கியத்தோடு நிலுவையில் இருந்தது.

ஒரு நாள் மனைவி கல்லாவுக்கு எதிரே, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு பில் போடுங்க."

அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி பேனாவைத் தேடினார். அது காதில்தான் இருந்தது.

"யார் பேருக்கு?"

"என் பேருக்குத்தான். காசு நான் வெச்சிருக்கேன்."

"பேரம் பேச மாட்டியா?" என்று கேட்டார்.

"முழு விலையே போடுங்க. தள்ளுபடியில எடுத்தது பட்டுப்போகும்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதான?"

என்ன செடி என்ற இடத்தில் எதுவும் எழுதத் தெரியாமல், உருப்படி ஒன்று என்று எழுதினார். பணத்தை வாங்க அவர் கை நீளவில்லை. அவளே கல்லாவைத் திறந்து போட்டாள். வாசலைத் தாண்டிச் சாலையைக் கடப்பதற்குள் வயிறு விட்டதைப் பிடித்தது. எதிரே டயர் கடை மாடியில் அவள் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்த அறையில் அன்று மாலை பெண் குழந்தை பிறந்தது. விடிந்தபோது அதற்குப் பல் முளைத்து, இடுப்புவரை முடி வளர்ந்து, எதிர்வீட்டுப் பையன் உயரத்துக்கு நின்றது. ஜன்னல் வழியாக நர்சரியைப் பார்த்தது.

"அங்க ஏம்மா என்னை இவ்ளோ நாள் வெச்சிருந்தீங்க?"

சாலையைக் கடந்து வந்திருந்த அவரும் அவளும் அதன் முடியைப் பின்னிவிட்டார்கள். பள்ளிக்கூட வேன் வந்தது, ஏற்றிவிட்டார்கள்.

மனைவி திரும்பி வேலிக்குள் வரவில்லை. கல்லாவுக்கு மேலே அவர் கைப்பட எழுதிய பலகை தொங்கியது: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது. அதை அழித்துவிடுவதாக அவர் சொன்னபோது அவள்தான் தடுத்தாள். "அழிச்சிட்டு என்னை உள்ள வைப்பீங்க. மறுபடி சரக்காயிடுவேன். அவளும்." மகளின் படிப்புக்கு நர்சரி ஓடியாக வேண்டும் என்பதால் அவர் பகலெல்லாம் உள்ளே இருந்தார், கடையை அடைத்துவிட்டுச் சாலையைக் கடந்துவந்து சாப்பிட்டார், படுக்கத் திரும்பினார். விற்கிறவர் சரக்கில்லையே, வெளியே இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு வயதானது. மனைவிக்கு நரைத்தது. மகள் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆனபோது, அப்பாவும் மகளும் ஒன்றாக நடந்தால் அக்காவும் தம்பியும் என்றார்கள். கேட்டுக் கேட்டு மகளுக்கும் பழகிவிட்டது. சில நாள் வாய் தவறி "வாடா" என்று கூப்பிட்டாள். அவர் சரியென்று போனார்.

விற்பனை உரிமக் கட்டணத்தை இந்த வருடம் உயர்த்தியிருக்கிறார்கள். கட்டிவிட்டார்.