பதினைந்தில் நின்ற முள்

ஐம்பத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதம், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு மேற்கே இருந்த தோட்டத்துக்கு, கோலாலம்பூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், பிரசவக் கருவிகளைக் கொதிக்க வைக்கும் மின்சாரத் தொட்டி. தோட்டத்து மருத்துவச்சி முரியல் அதை ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்ததிலிருந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே முள்வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஊரடங்கு விழுந்தால் வாசல் தாண்ட முடியாது. மாதம் நெருங்கிய பெண்கள் முரியலின் வீட்டு முன்னறையிலேயே வந்து தங்கினார்கள். வலி கண்ட பிறகு ஈர விறகை ஊதி ஊதித் தண்ணீர் கொதிப்பதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். தொட்டி வந்ததும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

ஆனால் ஆபீஸ் கணக்குகளைப் பார்த்த கிராணி ஹியூபர்ட் ஒரே வார்த்தையில் கூடாது என்றுவிட்டார். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன வருஷம் தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் இஸ்திரிப் பெட்டியைச் செருகியபோது தோட்டத்துக்கே மின்சாரம் தந்த டீசல் இஞ்சின் மூச்சடைத்து நின்றது. வேலி விளக்குகள் மொத்தமும் அணைந்தன. காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் பயத்தில் இருட்டைப் பார்த்துச் சுட, லயத்து மாடு ஒன்று செத்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் ஒரு பல்பு கூடுதலாகப் போடவில்லை.

முரியலுக்கு மறுப்பு உறுத்தவில்லை; கணக்கில்லாத மறுப்புதான் உறுத்தியது. எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் கிராணிக்கும் தெரியவில்லை.

தொட்டியின் அடியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. 230 வோல்ட், 750 வாட், 3.26 ஆம்பியர் என்று மூன்று எண்கள். மருந்தளவு கணக்குப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? 750ஐ 230ஆல் வகுத்தாள். மூன்றேகால் வந்தது; தகட்டின் மூன்றாம் எண்ணும் அதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா சங்கதி!

அவள் வீட்டு ஃபியூஸ் பெட்டியில் ஐந்து ஆம்பியர் என்று எழுதியிருந்தது. மூன்று நாற்பது வாட் விளக்குகளோடு தொட்டியையும் சேர்த்தால் 870 வாட். வகுத்தால் நாலுக்குக் கீழே. ஆக, வீடு தாங்கும். இஞ்சின் தாங்குமா?

இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் இருசப்பன். எழுத்துத் தெரியாது; ஆனால் இஞ்சினின் சத்தத்தை வைத்தே டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைச் சொல்லிவிடுவார். முரியல் இஞ்சினின் தகட்டைப் படித்தாள். ஐயாயிரம் வாட். அதாவது இருபத்திரண்டு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினாள். வேலியில் முப்பத்திரண்டு விளக்கு, ஆபீஸ் புத்தகப்படி தலைக்கு நூறு வாட். பங்களா, தோட்டத்து ஆஸ்பத்திரி, ஆபீஸ், வீடுகள் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து அறுநூறு. மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. தொட்டிக்கு இடமே இல்லை.

அவள் முகம் வாடியதைப் பார்த்த இருசப்பன் சுவிட்சுப் பலகையில் இருந்த வட்டக் கருவியைக் காட்டினார்.

“இந்த வருஷம் இந்த முள்ளு பதினஞ்சத் தாண்டி நான் பாத்ததே இல்ல மிஸ்ஸி. எல்லா லைட்டும் எரியறப்பவும் அங்கதான் நிக்கும்.”

முரியல் குனிந்து பார்த்தாள். ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தது. அவள் கணக்குப்படி முள் இருபத்தொன்றில் நிற்க வேண்டும். ஆறு ஆம்பியர் எங்கே போனது? அன்று வீட்டுக்குப் போய் மறுபடி கூட்டிப் பார்த்தாள். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கணக்கும் சரி, கருவியும் சரியென்றால், புத்தகம்தான் தப்பு.

மறுநாள் காலை வேலிக் கம்பம் ஒன்றில் பல்பு மாற்ற ஏணியோடு கிளம்பிய இருசப்பனுடன் அவளும் போனாள். கழற்றிய பல்பைத் தலைப்பில் துடைத்து, கண்ணாடியில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். அறுபது. அடுத்த கம்பத்திலும் அறுபது. ஸ்டோரில் கொடுத்ததைத்தான் மாட்டியதாக இருசப்பன் சொன்னார். முப்பத்திரண்டையும் அறுபதால் பெருக்கி மீண்டும் கூட்டினாள். முள் நிற்க வேண்டிய இடம் பதினைந்தும் சொச்சமும். மனசு துள்ளியது. தொட்டியைப் போட்டாலும் பதினெட்டரைதான்.

துள்ளல் அரை நாழிகைகூட நிற்கவில்லை. கிழக்கு வேலி இருட்டாக இருக்கிறது, ஆள் வந்தால் தெரியாது என்று போலீஸ்காரர்கள் பல வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இதைச் சொன்னால் நூறு வாட் பல்பு திரும்பி வரும். தொட்டிக்கான இடம் போய்விடும். சொல்லாவிட்டால் தொட்டி கொதிக்கும்.

அவள் நேரே கிராணி வீட்டுக்குப் போய் கணக்கெழுதிய தாளை மேசையில் வைத்தாள். ஹியூபர்ட் அதை எடுத்துப் படித்தார்.

“மாடு செத்த அன்னிக்கு துரை என்னைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாரு. அடுத்த தடவ லைட்டு போனா மனுஷன் சாவான்னு பயந்துட்டேன் லா, முரியல். சின்ன பல்பா மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல.”

அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பயந்ததும் நியாயம்தான். ஆனால் கணக்குப் போடாமல் பயந்திருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்தார்கள். வழி சொன்னது பிறகு வந்த இருசப்பன்தான். எல்லாம் ஒரே நேரத்தில் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார். வேலிக்குத் தனி லீவர் இருக்கிறது; அதை ஆறரைக்குத்தான் தள்ளுகிறோம். இஞ்சினை ஐந்தரைக்கே கிளப்பினால் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்றார். கருவிகளைக் கொதிக்க வைத்து மூடிய டப்பாவில் எடுத்துவைத்தால் விடியும்வரை சுத்தமாக இருக்கும் என்பது முரியலுக்குத் தெரியும்.

மறுநாள் மூவரும் துரையிடம் போனார்கள். ஹியூபர்ட் தன் வாயாலேயே பல்பு விஷயத்தைச் சொன்னார். துரை முகம் சிவந்து திட்டினார். பிறகு தாளை இரண்டு முறை படித்துவிட்டு, பல்புகளை மாற்றச் சொன்னார். சாயங்கால டீசலுக்கும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, சோதனைக்காக வேலி தவிர மற்ற விளக்குகளையெல்லாம் போடச் சொல்லிவிட்டு, முரியல் தொட்டியைச் செருகிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். முள் ஏழிலிருந்து பத்துக்கு ஏறியதை இருசப்பன் பார்த்திருந்தார்; அது அங்கேயே நின்றது. இஞ்சின் சத்தம் ஒரு சுருதி தாழ்ந்து மீண்டும் சமமானதையும் சொன்னார். அவள் வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறையில் இருந்த லெட்சுமி, வயிற்றைத் தாங்கியபடி தொட்டியருகே நின்று, நெருப்பில்லாமல் கொதிக்கும் தண்ணீரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பெண் பிறந்தது. கருவிகள் தயாராக இருந்தன.

அடுத்த வாரம் இருசப்பன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். உடம்புக்கு என்ன என்று முரியல் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையைச் சொறிந்தார்.

“பலகையில இன்னொரு முள்ளு இருக்கு மிஸ்ஸி. அது என்னா சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கலாமேன்னு வந்தேன்.”

முரியல் பென்சிலை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.