இடது உதட்டோரம்

அன்று காலை என் கணவர் என் முகத்தில் கை வைக்காமலே வேலைக்குப் போனார்.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். அடுப்பு வால்வைத் திருகிப் பார்த்தார். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் திருகிப் பார்த்தார். ஷூ நாடாவின் இரண்டு முனையும் ஒரே நீளம் வரும்வரை இழுத்துக் கட்டினார். "எடைக்கல் இன்னிக்கு லீவு முடிஞ்சு வர்றான்," என்றார். எடைக்கல் என்பது அவருடன் வேலை செய்யும் பருத்த நண்பருக்கு அலுவலகத்தில் வைத்த பேர். "அந்தப் பேரே அவனுக்குப் பொருந்தாது. எடைக்கல்லுன்னா எடை மாறக்கூடாது. இவன் ஒவ்வொரு லீவுக்கும் மாறிட்டு வர்றான்."

அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நான்தான் சிரித்தேன். கதவருகே நின்றவர் என் முகத்தை முழுதாகப் பார்த்தார். "வரேன்" என்று சொல்லிப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைமேசையிலேயே சரிந்தாராம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அந்தப் பார்வையில் என் சிரிப்பை அவர் என்னவென்று படித்தார்? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

கல்லூரி நாட்களில் எனக்கு முகவாதம் வந்தது. பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது உதட்டோரம் மட்டும் திரும்பி வரவில்லை. நான் சிரித்தால் வலது பக்கம் மட்டும்தான் மேலே போகும். பார்க்கிறவர்கள் முதலில் என் வாயைப் பார்ப்பார்கள், பிறகு அவசரமாக வேறெங்கோ பார்ப்பார்கள்.

அவர் கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்க்கிறவர். நான் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு முதல்முறை வந்தபோது வணக்கம்கூடச் சொல்லாமல், "இடது பக்கம் தாழ்ந்திருக்கு," என்றார். என் கை தன்னால் வாயை மறைத்தது. அவரோ தராசின் அடியில் மட்டம் காட்டும் சின்னக் கண்ணாடிக் குமிழியைக் காட்டிக்கொண்டிருந்தார். மேசைதான் சாய்ந்திருந்தது. என் வாயை அவர் பார்க்கவே இல்லை. முகம் கொடுத்துப் பேசாதவர் என்று ஊரே குறை சொன்ன மனிதரை நான் கட்டிக்கொண்டது அதற்காகத்தான்.

அவருக்கு ஆட்டிசம் என்பது நடுவயதில்தான் தெரிய வந்தது. கடைக்காரர்கள் கோபமாக இருப்பது தெரியாமல் தராசின் குற்றங்களை அடுக்கிக்கொண்டே போகிறார் என்று புகார் வந்தது. புது மேலாளர் பரிசோதனைக்கு அனுப்பினார். பரிசோதனை, முகம் பார்த்து மனசைப் படிக்கும் பயிற்சியில் கொண்டுபோய் விட்டது.

பயிற்சி என்றால் கணினிதான். திரையில் ஒரு முகம் வரும். கீழே நான்கு சொற்கள்: மகிழ்ச்சி, கோபம், பயம், ஏளனம். சரியாக அழுத்தினால் மணி அடிக்கும். போகப்போகச் சொற்கள் கூடும். முகங்கள் அசையத் தொடங்கும். ஒரு கட்டத்தில் கண்களை மட்டும் காட்டிக் கேட்பார்கள். வீட்டுக் கணினியிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் கேமராவும் உண்டு. நம் முகத்தைக் காட்டினால் அது என்ன முகம் என்று சொல்லும்.

எனக்கு அந்த மணிச்சத்தம் முதல் நாளே பிடிக்கவில்லை. நல்லதுக்குத்தான் என்று பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் தண்ணீர்க் குவளையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன். அவர் வாங்கவில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலையே. ஏங்க?"

"ஒரு பக்க உதடு மட்டும் மேல போச்சு. அது ஏளனம். அதுல நான் ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்ல."

"என் வாய் இப்படித்தானேங்க. முதல்லருந்தே இப்படித்தான்."

"அப்போ முதல்லருந்தே ஏளனமா?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதன் பிறகு சாப்பிடும்போது என்னைக் கவனிக்கத் தொடங்கினார். போன கடைகளில் நடந்ததைச் சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்துவார். நான் சிரிப்பதை விட்டேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால், "சலிப்பு" என்றார்.

அவரையும் கூட்டிக்கொண்டு, பயிற்சி கொடுத்த பெண்மணியிடம் போய் முறையிட்டேன்.

"எங்க, சிரிங்க பாப்போம்."

போலீசில் அடையாளம் காட்ட நிறுத்தியவள் மாதிரி நின்று சிரித்தேன்.

"அவர் சொல்றது பாடப்படி சரிதாம்மா. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஏளனம்னுதான் சொல்லித் தர்றோம்."

"அப்ப என் முகம் தப்புங்கறீங்களா மேடம்?"

"சேச்சே, அப்படி இல்ல. உங்க முகம் ஒரு விதிவிலக்கு. அதை அவருக்கு மெதுவா எடுத்துச் சொல்லுவோம்," என்று என் தோளைத் தட்டிச் சிரித்தார். நம்பிக்கை வரவில்லை. வீடு திரும்பும் வழியில் என் கணவர் சொன்னார்: "அவங்க சிரிப்பு வாயில மட்டும்தான் இருந்தது. கண்ணுக்கு வரல."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"அவங்கதான்."

யாரும் மெதுவாக எதையும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவரே என்னை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தெரிஞ்ச எடை வேணும்," என்றார்.

"எதுக்கு?"

"தராசு சரியான்னு பாக்கணும்னா, எடை தெரிஞ்ச கல்லைத்தான் வெச்சுப் பாப்போம். மனசுல என்ன இருக்குன்னு முதல்ல வாயால சொல்லு. அப்புறம் முகத்தைக் காட்டு."

"இப்ப எரிச்சலா இருக்கு."

"சரி, காட்டு."

காட்டினேன். அவர் அதை அவ்வளவு மரியாதையாகக் குனிந்து பார்த்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப என்ன?"

"சிரிப்பு வருதுங்க. நிஜமா."

உள்ளங்கையைத் தூக்கி என் முகத்தின் இடது பாதியை மூடினார். எடைக்கற்களைத் துடைக்கும் ஸ்பிரிட் வாசனை அடித்தது. நெடுநேரம் பார்த்தார். "வேலை செய்யாத பக்கத்தை மறைச்சுட்டா, மகிழ்ச்சி," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கிளம்பும்போது அந்தக் கை வரும். பாதி முகத்தைப் படித்து ஒரு சொல் சொல்வார். சரியா என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் உறுத்தியது.

"என்னைச் சோதிக்கிறீங்களா?"

"ஆமா. தராசையும் காலையில முதல் வேலையா சோதிக்கத்தான் செய்வோம்."

"சந்தேகம் இல்லாட்டி எதுக்குச் சோதனை?"

"சோதிக்கிறதாலதான் சந்தேகம் இல்ல."

அப்படிப்பட்டவர்தான் அன்று கை வைக்காமல் போனார். பாதியை மறைக்காமல் பார்த்தால் பாடத்தில் உள்ள ஏளனம்தான் தெரியும். அதைச் சுமந்துகொண்டு போனாரா? இல்லை, இனிமேல் கை தேவையில்லை என்று போனாரா? இல்லை, வெறுமனே மறந்தாரா? அவர் எதையும் மறப்பவர் இல்லை.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, எடைக்கல் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்திருந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

"அன்னிக்கு என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா தம்பி?"

தயங்கினார். "சொன்னார் அண்ணி. சாப்பிடும்போது. வீட்டுல இனிமே தினமும் சோதிக்க வேண்டியதில்ல, காட்டுறது மாறாம நிலையா இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்னார்."

அவர்கள் வேலையில் அப்படித்தான் என்று விளக்கவும் செய்தார். பல நாள் ஒரே மாதிரி சரியாகக் காட்டும் தராசை அடிக்கடி தொந்தரவு செய்யமாட்டார்களாம்.

எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை.

"சாப்பிடும்போது அவர் பேசமாட்டாரே."

"அன்னிக்குப் பேசினார் அண்ணி."

"மாசத்துக்குன்னா சொன்னார்? அவர் முப்பது நாள்னு இல்ல சொல்லுவார். மாசமெல்லாம் ஒரே நீளம் இல்லன்னு சண்டைக்கு வருவாரே."

எடைக்கல் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "அவர் எப்படிச் சொன்னாரோ, எனக்கு வார்த்தை ஞாபகம் இல்ல. அர்த்தம் அதுதான்."

அவர் முகத்தையே பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒழுங்காக வேலை செய்கிற முகம். கண்கள் சிவந்திருந்தன, உதடு நடுங்கியது. துக்கத்திலும் அப்படி ஆகும். ஒருத்தி மனம் ஆறட்டும் என்று பொய் சொல்கிறவனுக்கும் அப்படி ஆகும். எந்தப் பாதியை மறைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க அண்ணன் உங்களைப் பத்தியும் சொன்னார்," என்றேன். "லீவுக்கு லீவு எடை மாறுதாம்."

முதன்முறையாகச் சிரித்தார். அது கண்ணுக்கும் வந்தது. நிஜமாகவே அவர் அப்படிச் சொன்னாரா என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கணினி இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. பயிற்சி மையத்தார் வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார்கள், வரவில்லை. சில காலைகளில் அதன் கேமரா முன் உட்கார்ந்து அவருடைய பேச்சு எதையாவது நினைத்துச் சிரிப்பேன். உள்ளங்கையால் இடது பாதியை மூடிக்கொண்டால், முகம் தெரியவில்லை என்கிறது. கையை எடுத்தால், ஏளனம் என்கிறது.