இயந்திரம் எடுத்த அழைப்பு

ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஆபரேட்டரம்மா நடையாய் நடந்துவிட்டார். கேட்டது ஒரே ஒரு தாள்தான். போன வருடம் அவருக்கு வந்த ஓய்வூதியம் எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு என்று சொல்லும் வரிச் சான்று. அதை இன்று மாலைக்குள் பராமரிப்பு இல்லத்தில் கொடுத்தால்தான் அவர் கணவருக்குச் சலுகையில் படுக்கை கிடைக்கும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

கணவருக்கு நினைவு தப்பிப்போய் நாளாகிறது. போன வாரம் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து தூங்கப் போய்விட்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். அவளும் எத்தனை நாள்தான் பார்ப்பாள்?

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பழைய பல்லவியைப் பாடினார். இணையதளத்தில் கேட்டால், பதிவான எண்ணுக்கு அழைப்பு வரும், ஒரு ரகசிய எண் சொல்லும், அதைப் போட்டால் சான்று வந்துவிடும்.

சிக்கலே அந்தப் பதிவான எண்தான். ஆபரேட்டரம்மா அரசு ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் தலைமுடி நரைக்கும்வரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற அன்று, தொடர்பு எண் கேட்ட கட்டத்தில் கை தன்பாட்டுக்கு ஆஸ்பத்திரி எண்ணை எழுதிவிட்டது. தப்பு என்னுடையதுதான், மாற்றிக் கொடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மாற்றுவதென்றாலும் ரகசிய எண் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகுமாம். கேட்டவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ!

குமாஸ்தா திரையைப் பார்த்துவிட்டு, நேற்றுகூட அழைப்பு போயிருக்கிறது, அந்தப் பக்கம் எடுத்தும் இருக்கிறார்கள், எண்ணைச் சொல்லியாகிவிட்டது என்றார். எடுத்த ஆளைப் போய்க் கேளுங்கள் என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆபரேட்டரம்மா நகரவில்லை. கைப்பேசியை எடுத்து, தூக்கத்திலும் மறக்காத அந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கண்ணாடியோரம் வைத்தார்.

"வணக்கம். அவசரப் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும்," என்றது ஒரு பதிவுக் குரல்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுத்த ஆள் இதுதான். என்னை அனுப்பிட்டு இதைத்தான் வெச்சாங்க. உங்க மெஷின் இந்த மெஷின்கிட்ட ரகசியம் சொல்லியிருக்கு. ரெண்டும் நல்லா பேசிக்கட்டும். என் வீட்டுக்காரர் இன்னிக்கு எங்க படுப்பாரு, அதைச் சொல்லுங்க."

பின்னாலிருந்த மேலதிகாரி சத்தம் கேட்டு எழுந்து வந்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். குமாஸ்தாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து எதையோ ஒரு தட்டு தட்டினார். மூலையில் இருந்த அச்சு இயந்திரம் முனகியது. சான்று வந்துவிட்டது, இன்னும் சூடு ஆறாமல்.

அவ்வளவுதான். ஒரு தட்டு. ஆபரேட்டரம்மா தாளையும் குமாஸ்தாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை முன்னாடியே உங்களால குடுத்திருக்க முடியுமா?"

"முடியும்மா," என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி. "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கல்ல. வெளிய சொல்லிக்காதீங்க."

கேஸ் நாற்றத்தில் கண் விழித்த அந்த விடியற்காலை அவர் நெஞ்சில் வந்து நின்றது. அன்றே இந்தத் தாள் கையில் இருந்திருக்க வேண்டும்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். கைத்தடி ஊன்றியவர்கள், நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்தவர்கள், மகளின் தோளைப் பிடித்து நின்றவர்கள். ஆஸ்பத்திரியின் கடைசி வார்டுவரை கேட்ட அந்தக் குரலை, பல வருடங்களுக்குப் பிறகு, அவர் முழுசாகத் திறந்தார்.

"எல்லாரும் கேளுங்க. வரிச் சான்றை இங்கயே எடுத்துக் குடுக்க இவங்களால முடியும். முடியாதுன்னு சொன்னா யாரும் நகராதீங்க."

குமாஸ்தாவின் கை 'இடைவேளை' பலகைக்குப் போனது. அதற்குள் வரிசை முழுவதும் கண்ணாடிக்கு வந்துவிட்டது. ஆபரேட்டரம்மா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். பராமரிப்பு இல்லம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.