நாமன்னா யாரு?

யாருடைய வாழ்க்கை முட்டுச்சந்தில் போய் நின்றாலும் அவளிடம்தான் வந்து சேருவார்கள். வாழ்க்கைப் பயிற்சியாளர். கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் தெரியும் முகங்களுக்குத் தைரியம் சொல்வது அவள் தொழில். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். முதலாளியைக் கண்டாலே தொடை நடுங்கியவர்கள் அவளிடம் பேசிவிட்டுப் போய்ச் சம்பள உயர்வு கேட்டிருக்கிறார்கள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றிய பாடம்.

“‘நீ இதைச் செய்’னு அதட்டினா எதிர்த்துப் பேசலாம். ‘நாம இதைச் செய்யலாம்’னு சொன்னா என்ன பேசுவீங்க? உங்களையும் சேத்துக்கிட்டுல்ல உங்களை அதட்டறாங்க! ‘நாம அங்கெல்லாம் போக வேண்டாம்.’ ‘நமக்கு அது சரிப்படாது.’ இதுல நீங்க எங்க இருக்கீங்க? தேடிப் பாருங்க, ஆளே இருக்க மாட்டீங்க.”

கட்டங்களெல்லாம் சிரிக்கும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த வகுப்பில் ‘ஜன்னல்’ என்ற புனைபெயரில் ஒருத்தி இருந்தாள். முகம் காட்ட மாட்டாள், குரல் கொடுக்க மாட்டாள், எல்லாம் எழுத்தில்தான். வகுப்பு முடிந்ததும் தனி உரையாடலுக்கு வருவாள். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். எதிராளி முடிக்கும்வரை விசைப்பலகையைத் தொடுவதில்லை என்பது பயிற்சியாளரின் கொள்கை. எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகக் காத்திருப்பாள்.

‘வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார்’ என்று எழுதினாள் ஜன்னல். ‘என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் எனக்குப் பசிக்கிறதா என்பதைக்கூட அவர்தான் சொல்கிறார். எனக்கு வந்த ஒரு நல்ல வேலையை என்னிடம் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் நாம, நாம, நாம.’

பயிற்சியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார்தான், வேறு யார் என்று தானே முடிவுகட்டிக்கொண்டாள். முடிவுகட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை.

‘அடுத்த தடவை அவர் நாம என்று ஆரம்பித்தால் கத்தாதீர்கள், அழாதீர்கள். நாமன்னா யாரு என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்’ என்று அடித்தாள்.

‘அவர் உடைந்துபோனால்?’

‘உடையட்டும்.’

மறுநாள் காலை பயிற்சியாளர் தன் வீட்டுச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மேசைக்கு எதிரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. முப்பது வயது தாண்டியும் வீட்டில் ‘குட்டி’தான். அக்காவின் வகுப்புகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, காணொளியாக்கி ஏற்றுவது அவள் வேலை.

“குட்டி, நாம இந்த வாரம் முடி வெட்டிக்கலாம். அப்புறம் இந்தப் பழுப்புச் சட்டை நமக்கு எடுக்கவே இல்ல, தூக்கிப் போட்டுடலாம்.”

தங்கை கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நாமன்னா யாரு?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கேள்வியைக்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த மூடிய வாயைப் பார்த்ததும்தான் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“ஜன்னல்... நீயா?”

“ம்.”

“பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டா?”

“ஆமா. நீ கீபோர்டைக் குத்தற குத்து சுவர் வழியா கேக்கும். ‘உடையட்டும்’னு நீ அடிச்சது என் திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே கேட்டுச்சு.”

அக்கா கத்தியை எடுக்கக் குனிந்தாள். மாமியார் என்று நினைத்து எத்தனை வாரம் தன்னையே திட்டித் தீர்த்திருக்கிறாள்! கல்நெஞ்சக்காரி என்றுகூட ஒருமுறை எழுதிய நினைவு வந்தது.

“என்கிட்ட நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொல்லலையா? நான் ‘எனக்கு’ன்னு ஆரம்பிச்சா மிச்சத்தை நீயே சொல்லி முடிச்சிடுவ. அங்க மட்டும்தான் நான் முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டிருந்த. அந்தப் பயிற்சியாளரம்மாவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது அக்கா. அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைப்பேன்.”

அக்கா ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“போன வருஷம் அந்தப் படத்தொகுப்புக் கூடத்துலேர்ந்து வேலைக்குக் கூப்பிட்டாங்க. நீயே போன் பண்ணி, ‘நாங்க வரலை’ன்னுட்ட. மறுபடி கூப்பிட்டாங்க. சரின்னுட்டேன். திங்கக்கிழமை கிளம்பறேன். அங்கயே ரூம் பாத்தாச்சு.”

“திங்கக்கிழமையா? அதெப்படி, நாம...”

சொல் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியை விழுங்கினாள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். அந்தச் சொல் இல்லாமல் தங்கையிடம் பேச அவளுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. குட்டி போய்விடுவாள் என்ற பயம்கூட இல்லை அது. இத்தனை வருடம் இந்த மேசையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்ற பயம்.

“உன் பேச்சை வெட்டி ஒட்டறதுதான் என் வேலை” என்றாள் தங்கை. “நீ எங்க மூச்சு வாங்குவ, எங்க முடிப்பன்னு எனக்கு அத்துப்படி. நான் எங்க முடிப்பேன்னு உனக்குத் தெரியுமா?”

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “தெரியாது” என்றாள். “சொல்லு.”

தங்கை சொன்னாள். புது ஊரை நினைத்தால் வரும் பயத்தை, அக்காவை விட்டுப் போவதில் இருக்கும் வருத்தத்தை, அந்த வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருப்பதை. அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆறுதல் வந்தது, அறிவுரை வந்தது, கோபமும் வந்தது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். கண்ணீரை மட்டும் அடக்க முடியவில்லை.

ஓரிடத்தில் தங்கை நிறுத்தினாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறாளா, முடித்துவிட்டாளா என்று அவளுக்குப் புரியவில்லை.