நாய் குறுக்கே வந்த குடும்பம்

"நம்ம வம்சத்துல குடிச்சிட்டு வண்டியிலேருந்து விழுந்து செத்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது!"

அண்ணனின் முதலாண்டு நினைவு நாள் மதியம், மூன்று கிளாஸ் உள்ளே போன பிறகு, தம்பி இதை அறிவித்தான். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தாத்தாவைக் கொன்றது வளைவு. அப்பாவைக் கொன்றது பள்ளம். அண்ணனைக் கொன்றது குறுக்கே வந்த நாய். நாய் கடைசிவரை அகப்படாததால், "எங்க இருக்கீங்க?" என்று அந்த நேரத்தில் போன் செய்த அவன் பெண்டாட்டிதான் கொன்றாள் என்றானது. மூவர் வயிற்றிலும் இருந்த சரக்கு மட்டும் நிரபராதி.

போன் செய்த அண்ணி கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். விபத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. செத்தவர்களைக் காரணவாரியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். அண்ணன் படத்துக்கு முன்னால், "அவனுக்குப் பிடிச்சதாச்சே" என்று மாமியார் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது, யாரோ இப்போதுதான் குடித்துவிட்டுக் கீழே வைத்ததுபோல.

"எங்க ஆபீஸ் கணக்குல, ரோட்டுல செத்த பத்துப் பேர்ல நாலு பேர் குடிச்சிருந்தவங்க," என்றாள் அண்ணி.

"அப்ப குடிக்காம செத்தது ஆறு பேர்! குடிக்கிறதுதான் பாதுகாப்பு அண்ணி!"

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"ரோட்டுல நூறு பேர் போனா, குடிச்சவன் ரெண்டு பேர் இருப்பான் தம்பி. பொணத்துல மட்டும் எப்படிப் பத்துக்கு நாலு ஆனான்?"

தம்பி கையிலிருந்த கிளாஸைக் காலி செய்தான்.

"இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் அக்கா வீட்டுக்காரர் கெட்டாரு. குடிச்சா வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போறாரு. வண்டியை வாக்கிங் கூட்டிட்டுப் போற ஒரே ஆம்பளை!" என்றபடி தம்பி சாவியை எடுத்தான். "ஐஸ் தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்."

கதவோரம் நின்ற அவன் புது மனைவி சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"கிளம்பறவனைத் தடுக்காதே," என்றாள் மாமியார். "போனும் பண்ணித் தொலைக்காதே. இந்த வீட்டுல ஒருத்தி பண்ணினது போதும்."

நீட்டிய கை தானாக இறங்கியது. அதைப் பார்த்ததும் அண்ணி எழுந்தாள்.

"போயிட்டு வாங்க தம்பி. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. வளைவு தாத்தாவுக்கு, பள்ளம் மாமாவுக்கு, நாய் உங்க அண்ணனுக்கு. நாளைக்கு உங்களைக் கொன்னது எதுன்னு நாங்க சொல்றது? இந்தப் பொண்ணு பேரைச் சொல்ல மட்டும் நான் விடமாட்டேன்."

தம்பி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கண் ஒருமுறை அந்த நடுங்கும் கிளாஸுக்குப் போய் வந்தது. வெளியே போய்விட்டான்.

எல்லோர் காதும் வாசலில் இருந்தது. புது மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவே இல்லை.

அண்ணி ஜன்னல் வழியே பார்த்தாள். கொளுத்தும் வெயிலில், இரண்டு கைகளாலும் ஹாண்டில்பாரைப் பிடித்து, தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அதை வீட்டில் விட்டுவிட்டு நடந்தால் தோற்றதாகிவிடும் அல்லவா.

மாமியாரும் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"வாங்கி மூணு மாசம்கூட ஆகலை, வண்டி படுத்துடுச்சு. எல்லாம் இவ வந்த நேரம்."