செல்லதுரைக்கு மட்டும் ஒரு கண்டிஷன்

2003-இல் மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழர் சங்கத்துக்கு வெப்சைட் வந்தது. வரன் பக்கம் என் பொறுப்பு. நான் அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு. சங்கத்தில் மற்றவர்களுக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும்.

குடும்பங்கள் எழுதித் தரும் படிவங்களைச் செயலாளர் வெங்கிடராமன் எக்ஸ்.எம்.எல். கோப்பில் தட்டுவார். அதை வரன் பக்கமாக மாற்றும் நிரல் நான் எழுதியது. அலுவலகம் பழைய மிளகுக் கிடங்கின் மாடி. தும்மிக்கொண்டே வேலை செய்வோம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செல்லதுரை வந்தான். பக்கத்துச் சுள்ளிக்கல்காரன், முனிசிபாலிட்டி லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் பாக்கியலக்ஷ்மிக்கும் நிச்சயம்.

"ஜிதினே, எனக்கு செவ்வாய் தோஷம்னு போட்டிருக்கு. யாரு பார்த்த வேல?"

"உனக்கு இல்லையா?"

"இல்லடா. பொண்ணோட அப்பா நல்லசிவம் மாமா இதைப் பார்த்தா ஞாயித்துக்கிழமை அவ்வளவுதான். அந்தப் பொண்ண வேற எவனோ பார்க்கிறான். நீ அவனுக்குக் கூட்டுகாரனா?"

நான் வெங்கிடராமனைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். கோப்பைத் திறந்தோம். தோஷம் என்ற இடத்தில் 'இல்லை' என்று ஒழுங்காக இருந்தது.

தோஷ விவரத்தை ஒரு வேரியபிளில் போட்டு, அதைச் சோதித்துத்தான் அந்த வரியை அச்சிடுவேன். வேரியபிளில் இருப்பதையும் பக்கத்திலேயே காட்டச் செய்தேன். மேலே 'இல்லை' வந்தது. கீழே 'செவ்வாய் தோஷம் உண்டு' வந்தது.

"ரெண்டும் சொல்லுதே. நம்ம கவுன்சிலர் வீட்டுக் கம்ப்யூட்டரா?" என்றான் செல்லதுரை.

இரண்டு சாயாவுக்குப் பிறகு எனக்குப் புரிந்தது. கண்டிஷனில் வேரியபிளின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். என்ன இருக்கிறது என்று படிக்காது. 'இல்லை' என்பதும் மூன்று எழுத்து. ஆகவே தோஷம் உண்டு.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேருக்குத் தோஷம் வந்திருந்தது. புகார் ஒன்றும் வரவில்லை. அவரவர் அடுத்தவர் பக்கத்தையே பார்த்திருக்கிறார்கள். தப்பித்தவர்கள் மூன்று பேர், அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள். அதில் ஒருத்தி பாக்கியலக்ஷ்மி.

வெங்கிடராமன் அவள் படிவத்தைத் தேடி எடுத்தார். நல்லசிவத்தின் கையெழுத்து. உயரத்தை அரை அங்குலம் வரை எழுதியிருந்தார்.

"தோஷம் இல்லேன்னா இல்லேன்னு எழுத வேண்டியதுதானே," என்றார் வெங்கிடராமன். "அங்க மட்டும் மை தீர்ந்துபோச்சா?"

படியில் செருப்புச் சத்தம். நல்லசிவமே வந்தார். சட்டைப் பையிலிருந்து செல்லதுரையின் பக்கத்தை எடுத்தார். நெட் கஃபேயில் அச்செடுத்து நான்காக மடித்திருந்தார். செல்லதுரை எழுந்து நின்றான்.

"மாமா, அது வந்து..."

"இது நிஜந்தானே? பிறகு மாத்திட மாட்டீங்களே?" அவர் குரலில் கோபம் இல்லை. "இருக்கிறத மறைக்காம போட்டிருக்கியே தம்பி. அதனாலதான் நானா தேடி வந்தேன். ரெண்டு பக்கமும் இருந்தா கழிஞ்சு போயிரும்." பிறகு திரையைப் பார்த்தார். "மேல இல்லைன்னு என்னமோ இருக்கே?"

"அது நான் சோதனைக்குப் போட்டது மாமா," என்றேன். அது உண்மை.

அவர் நம்பவில்லை. "தம்பி, நீ சொல்லு. உண்டா, இல்லையா?"

பஜார் சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கும் நேரம் செல்லதுரைக்குத் தேவைப்பட்டது.

"உண்டு மாமா."

அவர் காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"ஜாதகம் கேட்டா என்னடா செய்வே?" என்றேன்.

"கேக்க மாட்டார். கேட்டா பொண்ணோடதையும் காட்டணும்."

அன்று மாலை நிரலைத் திருத்தினேன். வேரியபிளில் 'உண்டு' என்றே இருந்தால்தான் தோஷம். படிவத்தில் அப்படி ஒருவரும் எழுதவில்லை என்பதால் சங்கமே சுத்தமாகிவிட்டது. பிறகு இன்னொரு கண்டிஷன் சேர்த்தேன்: பெயர் செல்லதுரை என்றால், தோஷம் உண்டு. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். சரியாக வேலை செய்தது.

"நாளைக்கு வேற எவனாவது இதத் திறந்து பார்த்தா சந்தேகப்படுவான்டா," என்றார் வெங்கிடராமன்.

அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: 'பிழையல்ல. தொடாதே.'