மேசைமேல் கிடந்த சாவிக்கொத்து

இந்தக் காலத்தில் எவனும் எவனையும் முகத்துக்கு நேராகத் துரத்துவதில்லை. சிரித்த முகமாய், தோளில் தட்டிக்கொடுத்துத்தான் துரத்துகிறான். குடிநீர் நிலையத்தில் வாசல் காவலுக்கு இருந்த பெரியவரின் எண்ணம் இதுதான். முன்பெல்லாம் பிடிக்காதவனைக் கண்டால் கத்தித் தீர்ப்பார்கள். கத்துகிறவனை நம்பலாம்.

அன்றைக்குப் புதிய அதிகாரி பதவியேற்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிற அதிகாரி சாவிக்கொத்தைக் காவல்காரரிடம் கொடுப்பார். காவல்காரர் அதை வருகிற அதிகாரியிடம் நீட்டுவார். புதியவர் வாங்கி, எல்லோரும் பார்க்கக் காவல்காரர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். கொடுத்தால் வேலையும் உண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை வீடும் உண்டு. கொடுக்காவிட்டால் இரண்டும் போச்சு. முன்பிருந்த காவல்காரர் அப்படித்தான் சட்டிபானையோடு வெளியேறினார்.

புதிய அதிகாரி இங்கேயே பயிற்சிக்கு வந்துபோன பையன்தான். ஒருநாள் அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தவனைக் கொட்டுகிற மழையில் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தவர் பெரியவர்.

சாவியை நீட்டினார். அதிகாரி வாங்கினார், நன்றி சொன்னார், மேசைமேல் வைத்தார். வைத்ததோடு சரி, அடுத்த ஆளோடு கைகுலுக்கப் போய்விட்டார். ஊழியர்கள் எல்லோரும் பெரியவரைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெட்டியை இழுத்துப் போட்டார். மூட்டுவலிக்காரியான மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடியே விசாரித்தாள். போகச் சொன்னாரா? இல்லை. பின்னே? சாவியைக் கையில் கொடுக்கவில்லை.

"கையில குடுத்தா மட்டும் நம்பிடுவீங்களாக்கும். என்னையே எங்கப்பா கையில பிடிச்சுத்தான் குடுத்தாரு. இன்னிவரைக்கும் சந்தேகமாத்தானே பாக்குறீங்க? போய் வாயத் தொறந்து கேளுங்க."

போனார். அதிகாரிக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியவில்லை. இனிமேல் சாவிகள் சுவரில் ஒரு பெட்டிக்குள் இருக்கும், யாரையும் அனுப்புகிற உத்தேசமில்லை என்று பொறுமையாக விளக்கினார். மழைப் பேச்சையும் அவரே எடுத்தார்.

"அன்னிக்கு நீங்க செஞ்சதுதாங்கய்யா சரி. எனக்கு அதுல கோபமே இல்ல."

அதுதான் பெரியவரை உலுக்கியது. கோபமே இல்லாதவன் இத்தனை வருஷம் கழித்தும் மழையை ஏன் ஞாபகம் வைத்திருக்கிறான்?

"அப்படின்னா எல்லாரையும் கூப்பிட்டு, சாவிய என் கையில குடுங்க தம்பி."

அதிகாரி சிரித்தார். "அதெல்லாம் எதுக்குங்கய்யா? நான் சொன்னா போதாதா?" எழுந்து வந்து தோளில் தட்டினார்.

வெளியே ஒருவன் அளவு நாடாவை விரித்துக் கேட்டை அளந்துகொண்டிருந்தான். தானாகத் திறந்து மூடுகிற கதவு வரப்போகிறதாம்.

பெரியவர் விசிலைக் கழற்றிக் காவலறை ஆணியில் மாட்டினார்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். "அவருதான் இருக்கச் சொல்லிட்டாரே," என்றாள் மனைவி.

"சொன்னாரு. கத்தியிருந்தா இருந்திருப்பேன்."

ஒரு கையில் பெட்டி, மறுகையில் அவள் முழங்கை. எங்கே போகிறோம் என்று அவள் கேட்டதற்கு, முதலில் கேட்டைத் தாண்டுவோம் என்றார். கேட்டைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து அதிகாரி கூப்பிட்டது காதில் விழுந்தது. அந்தக் குரலிலும் கோபமே இல்லை. பெரியவர் திரும்பாமல் நடந்தார்.